பால் சேராத பிள்ளைக்கு ஓர் இனிப்பு

இனிப்பு போடுகிறவனின் கை மென்மையாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். என் இரண்டு கைகளிலும் முழங்கை வரை தீக்காயத் தழும்புகள். எண்ணெய் தெறித்தால் வழிந்து போய்விடும். சர்க்கரைப் பாகு அப்படி இல்லை. பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். துடைத்தால் தோலும் கூடவே வரும். நான் இருபது வருடங்களுக்கு மேல் அந்தப் பாகோடுதான் பிழைக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் சோளக்காட்டிலும் பருத்திக்காட்டிலும் களை வெட்டினார்கள். நான் அடுப்புக்குப் போனேன். ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. யாராவது என்னிடம் நேராக ஒன்று கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, ஊருக்கு முதுகைக் காட்டி நிற்கிற வேலை என்பதால் இது எனக்குப் பொருந்திப்போயிற்று.

பெரம்பலூரில் ஒருவர் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்துச் செய்துவந்தார். அவரிடம் நான் ஸ்வீட் மாஸ்டர். நாங்கள் அவரை முதலாளி என்போம். கோபம் வந்தால் கையில் இருப்பது எதுவோ அதை எறிவார். கரண்டி, தேங்காய் மூடி, ஒருமுறை பாதி நிறைந்த பால் தூக்கு. குனிந்து தப்பிக்கப் பழகியவர்கள்தான் அவரிடம் நீடித்தார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன், டவுனில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானம் மாப்பிள்ளையின் அண்ணன் சமையல்கட்டுக்குள் வந்தார். வரதராஜன்பேட்டைப் பக்கத்து ஆள். முந்திரிக்காடும், சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற இரண்டு லாரிகளும் வைத்திருந்தார். அகலமான தோள். பின்னால் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதுப் பெண்பிள்ளை.

"இங்க ஸ்வீட்டு மாஸ்டர் யாரு?"

முதலாளி என்னைக் கரண்டியால் காட்டினார். "அந்தா நிக்கிறாரு. வாய் பேசாதுங்க, கை பேசும். சொல்லுங்க."

"எம்புள்ளைக்குப் பால் சேராது. பாலு, தயிரு, மோரு, நெய்யி, எதுவும் ஆவாது. கோதும, மைதா, ரவ, அதுவும் ஆவாது. தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சுப்போயி, தொண்ட அடைச்சு மூச்சு நின்னுடும். ஏற்கெனவே ரெண்டு தடவ செத்துப் பொழச்சிருக்கா."

முதலாளி சிரித்துவிட்டார். "ஒரு லட்டு தின்னா மூச்சு நிக்குமாங்க? நெய்யில கெடந்து பொரண்ட ஆளுங்க நாம..."

அவர் பேசி முடிக்கவில்லை. லாரிக்காரர் அவரது சட்டைக் காலரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் அடுக்கி வைத்திருந்த சிலிண்டர்களில் சாத்தினார். இரும்பு மோதிய சத்தத்தில் மண்டபத்து நாதஸ்வரக்காரரே எட்டிப் பார்த்தார்.

"சிரி. இன்னொரு தடவ சிரி பாப்போம். போன வருசம் இப்படித்தான் என் பங்காளி ஒருத்தன், ஒரு பிஸ்கட்டுதானேன்னு குடுத்தான். புள்ளையக் காப்பாத்திட்டு வந்து அவன் பல்ல ஒடைச்சேன். இன்னைக்கு வரைக்கும் அந்த வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் பேச்சு இல்ல."

"அய்யோ, தெரியாமச் சொல்லிட்டேங்க. விடுங்க."

இவ்வளவு நடக்கும்போதும் அந்தப் பிள்ளை பயந்ததாகத் தெரியவில்லை. அப்பாவின் கோபம் அவளுக்குப் பழக்கமாயிருக்க வேண்டும். என் பக்கம் வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, நாளைக்கு என் எலையிலயும் ஸ்வீட்டு வைப்பீங்களா?"

எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிடுவாளாம். எல்லார் இலையின் ஓரத்திலும் முதலில் இனிப்பு விழும். அவள் முன்னால் இலையே இருக்காது. சித்தப்பா கல்யாணத்திலாவது இலையில் சாப்பிடுவேன் என்று பத்து நாளாக அழுகையாம்.

"வைக்கிறேன் பாப்பா," என்றேன். ஏனோ அவளிடம் எனக்குப் பேச வந்தது.

"எதுல பண்ணுவ?" என்றார் அவள் அப்பா.

"முந்திரி சேருமாங்க?"

"எங்க காடே முந்திரிதான்யா. முந்திரிமரத்துத் தூளியில தூங்கி வளந்தவ."

"அப்ப முந்திரி, சர்க்கர, தேங்காண்ணெ. வேற ஒண்ணும் கெடையாதுங்க. பாத்திரமெல்லாம் புதுசா வேணும்."

சாயங்காலத்துக்குள் எல்லாம் வந்து இறங்கின. ஸ்டிக்கர் கிழிக்காத அலுமினிய வாணலி, புதுக் கரண்டி, தட்டு, மிக்ஸி, செக்கில் ஆட்டிய எண்ணெய், அவர்கள் வீட்டு முந்திரி. இறக்கி வைத்துவிட்டு அவர் என் காதருகே குனிந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னு வையி, ஒன்னைய இந்த அடுப்புலயே வச்சுக் கொளுத்திருவேன்."

நான் தலையாட்டினேன். அது வெறும் பேச்சு என்று எனக்குத் தோன்றவில்லை.

சமையல்கட்டில் பாதுஷாவுக்கு மைதா பிசைந்துகொண்டிருந்தார்கள். காற்றிலேயே மாவு பறந்தது. அதனால் மண்டபத்தின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் தனி அடுப்பு வைத்தேன். தலையில் இருந்த மாவு போகத் தொட்டித் தண்ணீரில் குளித்தேன். வேறு கைலி கட்டினேன். நகத்தை வெட்டினேன். தீப்பெட்டி கேட்டு எங்கள் ஆள் ஒருவன் நெய்க் கையோடு வந்தான். கிட்டே வராதே என்றேன். விளையாட்டென்று நினைத்து இன்னும் கிட்டே வந்து வாணலி விளிம்பைத் தொடப்போனான். நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். மல்லாந்து சேற்றில் விழுந்தான். யாரையும் நான் அப்படித் தள்ளியது கிடையாது. ஆனாலும் அவனைத் தூக்கிவிடப் போகவில்லை. மறுபடி கை கழுவ வேண்டுமே என்றிருந்தது.

இனிப்பு நன்றாக வந்தது. வெள்ளை வெளேரென்று, வெட்டின இடம் கண்ணாடி மாதிரி. டப்பாவில் போட்டு, அதன் மேல் துணி கட்டி, தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.

மறுநாள் காலை தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்தி. பரிமாறுகிற ஆட்கள் யார் கையும் படக்கூடாது என்று டப்பாவை அவள் அப்பாவிடமே கொடுத்தேன். அவர் தம் கையால் அவள் இலையில் இரண்டு துண்டு வைத்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அவள் முதலில் தின்னவில்லை. பக்கத்து இலையைப் பார்த்தாள், எதிர் வரிசையைப் பார்த்தாள், எல்லார் இலையிலும் இனிப்பு எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்குத் தன் துண்டுகளை நகர்த்தினாள். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் அடுத்த பந்திக்கு ஜிலேபி காத்திருந்தது.

நாலைந்து ஜிலேபி பிழிந்திருப்பேன். நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் அலறல். அப்படி ஒரு அலறலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. கதவுக்கு ஓடினேன். பிள்ளையின் உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. கண் மூடிப்போயிருந்தது. கழுத்தைத் தன் நகத்தாலேயே பிறாண்டிக்கொண்டிருந்தாள். அப்பா அவளைத் தோளில் போட்டு, இலைகளை மிதித்துக்கொண்டு ஓடினார். காரின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அதன்பின் அவர்கள் சமையல்கட்டுக்கு வந்தார்கள்.

முன்னால் வந்தவன் பிள்ளையின் தாய்மாமன். அவனோடு நாலைந்து பேர். முதலில் சாம்பார் அண்டாவைக் கவிழ்த்தார்கள். கொதிக்கிற சாம்பார் தரை முழுக்க ஓடியது. எங்கள் ஆட்கள் மேடை மேல் ஏறிக் குதித்துப் பின்வாசல் வழியாக ஓடினார்கள். நான் ஓடவில்லை. தைரியத்தால் அல்ல. கால் வரவில்லை.

"என்னடா போட்ட?"

"பால் போடலைங்க."

வாயில் குத்தினான்.

"என்ன போட்டன்னு கேட்டா, என்ன போடலங்கிற?"

"சத்தியமா நெய்யும் போடலைங்க. மைதா கிட்டக்கூட..."

வயிற்றில் உதை. விழுந்தேன். முதுகில் சாம்பார் சுட்டது. எழ முயன்றபோது யாரோ ஒருவன் முடியைப் பிடித்து என் தலையைத் தரையில் மோதினான். நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கற்பூரம் ஏற்றி அடித்துச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"எந்த ஊருடா நீ?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு நான் என்ன போட்டேன் என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை. "ஒன்னையெல்லாம் அடுப்புல ஏத்துனவனச் சொல்லணும்," என்று ஒருவன் முதலாளியைப் பார்த்துக் கத்தினான். இருபது வருடம் நான் போட்ட லட்டை விற்றவர், தன் பெல்ட்டை உருவி என்னை அடிக்க ஆரம்பித்தார். "என் தொழில்ல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா, நாசமாப் போறவனே!" மற்றவர்கள் அடித்தது வலித்தது. அவர் அடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் என்று இன்றும் தெரியவில்லை.

மாமனின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து லாரிக்காரர். ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள, அவன் அங்க இருக்கானா?"

"இருக்கான் மச்சான். முடிச்சுரட்டுமா?"

"தொடாத. டாக்டரு கேக்குறாரு, பாலா, வேற ஏதாச்சும் வெசமான்னு. மூச்சு இழுக்குதுடா. அவனச் சொல்லச் சொல்லு. எப்படிப் பண்ணுனானோ அப்படியே, ஒண்ணொண்ணா."

போனை என் வாயருகே வைத்தார்கள். உதடு கிழிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அடுப்பு முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டு, கை போன வழியிலேயே சொல்லிக்கொண்டு போனேன்.

"முந்திரியப் புதுத் துணியில தொடச்சேங்க. மிக்ஸில பொடி பண்ணுனேன். புது வாணலில சர்க்கரையப் போட்டுத் தண்ணி ஊத்துனேன். கொதி வந்துச்சு. ஒரு டம்ளர் பால ஊத்தி அழுக்கெடுத்தேன். கம்பிப் பதம் வந்ததும்..."

அங்கே நின்றுவிட்டேன். என் வாய் சொன்னது என் காதில் விழுந்தது.

சர்க்கரை கொதிக்கும்போது கொஞ்சம் பால் விட்டால் அது திரிந்து, உள்ளே இருக்கிற அழுக்கையெல்லாம் இழுத்துக்கொண்டு நுரையாக மேலே வரும். அதை ஜல்லிக்கரண்டியால் வழித்து எறிவோம். பாகு கண்ணாடியாகிவிடும். இனிப்பு போடுகிற எல்லாரும் செய்வதுதான். அதை நாங்கள் பால் சேர்ப்பது என்று எண்ணுவதே இல்லை. பால்தான் அழுக்கோடு வெளியே போய்விடுகிறதே. அது பாத்திரம் துலக்குவது மாதிரி ஒரு வேலை. குளித்து, கைலி மாற்றி, நகம் வெட்டி, ஒருவனைச் சேற்றில் தள்ளி, பிறகு நானே சமையல்கட்டுக்குள் போய் பால் தூக்கிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வந்திருக்கிறேன். போனதுகூட நினைவில் இல்லை.

"என்ன சொன்ன? என்ன ஊத்துன?" என்றது போன்.

சொல்லாமல் விட்டால் அடி நிற்கலாம். சொன்னால் உயிர் போகலாம். ஆனால் அங்கே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"பாலுங்க. பாகுல பால் ஊத்துனேங்க. பால்தான்னு டாக்டர்ட்டச் சொல்லுங்க. வேற ஒண்ணும் இல்ல. பாலு."

போன் அணைந்தது. பிறகு மாமன் ஜிலேபிச் சட்டியில் கிடந்த ஜல்லிக்கரண்டியை எடுத்தான். அதன் விளிம்பு என் இடது காதில் இறங்கியது. அதன் பிறகு நடந்தவை எனக்குச் சத்தமில்லாமல் நடந்தன. வாய்கள் அசைந்தன. கால்கள் வந்தன. யாரோ பெரியவர் நடுவில் புகுந்து கையை விரித்தார். என்னைப் பின்வாசலில் இழுத்துப் போட்டார்கள்.

துண்டை இடது காதில் அமுக்கிக்கொண்டு, வலது காது மெல்லத் திறந்துகொள்ள, ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். காதுக்கு அல்ல. பிள்ளை இருக்கிறாளா என்று தெரிய வேண்டும். உள்ளே போகப் பயம். வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் ஒரு வேனுக்குப் பின்னால் நின்றேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டார்.

"எந்த வண்டிய்யா மோதுச்சு?"

"வண்டி இல்லைங்க. உள்ள ஒரு சின்னப் புள்ள... மூச்சு அடைச்சு..."

அவர் உள்ளே போய்விட்டு வர நேரமாயிற்று. வந்து விரலால் என் வலது காதைத் தொட்டுக் காட்டி, அது கேட்குமா என்று சைகை செய்தார். தலையாட்டினேன்.

"பொழச்சுக்கிச்சு. நீ யாரு, சொந்தமா?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் என்னைத் தூக்கிப் போய்த் தையல் போட வைத்தார்.

யாரும் போலீசுக்குப் போகவில்லை. என் மனைவி போகச் சொன்னாள். எதை எழுதிக்கொடுப்பது? அவர்கள் அடித்ததை எழுதினால் நான் ஊற்றியதையும் எழுத வேண்டும். முதலாளி கூப்பிடவில்லை. வீட்டிலேயே கிடந்தேன்.

ஒரு மாதம் கழித்து, காலையில் வாசலில் பைக் நின்றது. லாரிக்காரர். என் மனைவி அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலை மறித்தாள்.

"ஒரு எட்டு உள்ள வச்சே, கால வெட்டிருவேன்."

"அடிக்க வரலக்கா."

"மீதி என்ன இருக்கு அடிக்க? ஒரு காது இருக்கு, அதுக்கா வந்த?"

அவர் அவளைத் தாண்டி என்னைப் பார்த்துப் பேசினார்.

"புள்ள எதையும் திங்க மாட்டேங்குறா. வெறும் கஞ்சித் தண்ணி. அவ அம்மா குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத் துப்புறா. எலும்பா இருக்கா. ஸ்வீட்டு பண்ணுன மாமா வந்து சொல்லட்டும், அப்பத்தான் திம்பேங்கிறா."

"நான் வரலைங்க," என்றேன். பெரிய மனிதர் ஒருவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் கை மடங்கியது. அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். வாசல் தூணில் குத்தினார். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. "வாய்யா," என்றார். குரல் உடைந்திருந்தது. "வந்து தொலைய்யா."

போனேன். அவர்கள் வீட்டு அடுப்பின் முன்னால், இரண்டு முழ தூரத்தில் பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் அம்மா நிலைப்படியில் நின்றாள், என்னைப் பார்க்காமல். அப்பா என் தோளை உரசிக்கொண்டு நின்றார்.

"அது என்ன?"

"சர்க்கர, பாப்பா."

"அது?"

"தண்ணி. குழாயில நீயே பிடிச்சுக் குடுத்த தண்ணிதான்."

கொதி வந்தது. பாகு கலங்கலாகப் பொங்கியது. என் வலது கை எழுந்து, பக்கத்தில் எதையோ தேடிக் காற்றில் போனது. அங்கே எதுவும் இல்லை. நான் கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி அடுப்பின் மேலே கொண்டுபோனார். தீ உள்ளங்கையைத் தொட்டது.

"எங்கய்யா போவுது இந்தக் கை?"

"பழக்கமுங்க," என்றேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்கே அது எரியட்டும் என்றிருந்தது.

அவர் கையைத் தீயிலிருந்து எடுத்தார். ஆனால் விடவில்லை. அவர் பிடியில் ஒரு கை இருக்க, மறு கையாலேயே பாகைக் காய்ச்சி, முந்திரிப் பொடியைக் கொட்டிக் கிளறி, எண்ணெய் விட்டு, தட்டில் கொட்டினேன். வெட்டிய துண்டுகள் வெள்ளையாக இல்லை. மண் கலந்த மாதிரி பழுப்பாக இருந்தன.

"ஏன் அழுக்கா இருக்கு?" என்றாள்.

"அழுக்கெடுக்கல பாப்பா."

"ஏன் எடுக்கல?"

"அதுக்குப் பால் ஊத்தணும்."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். திரும்பிக்கொள்ள இடமில்லை.

"அன்னைக்கு ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன். மறந்து ஊத்திட்டேன். தப்பு என்னோடதுதான்."

நாற்காலியிலிருந்து இறங்கி வந்தாள். என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஓங்கி ஓர் உதை விட்டாள். மெலிந்த காலில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் அம்மா "ஏய்!" என்றாள்.

தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். மோந்து பார்த்தாள். வாயில் போட்டாள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் நின்றோம். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊசியைக் கையில் வைத்திருந்தாள். என் மணிக்கட்டில் அவர் பிடி இறுகிக்கொண்டே போனது. விரல்கள் மரத்துப்போயின. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கால் மணி நேரம்.

"அன்னைக்கு வச்சதுதான் இதவிட நல்லாருந்துச்சு," என்று சொல்லிவிட்டு இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினாள்.